கட்டுரை எங்கே இருக்கிறது? ஊவாவிலிருந்து ஆய்விதழ் தேடுவோருக்குச் சொல்லப்பட்ட விடைகள்

ஒரு பொருளைப் பற்றி ஏற்கெனவே எழுதப்பட்ட கட்டுரைகள் எவை, அவை எந்த இதழில் எந்த ஆண்டில் வந்தன, இப்போது எங்கே போனால் படிக்கலாம்? ஆய்வு செய்யப் புகும் எவரும் முதலில் கேட்கும் கேள்வி இது. நூலைத் தேடுவது ஒப்பீட்டளவில் எளிது. நூலகப் பட்டியலில் ஒவ்வொரு நூலுக்கும் தனிப் பதிவு உண்டு. ஆசிரியர் பெயரோ தலைப்போ தெரிந்தால் போதும். கட்டுரை அப்படியல்ல. அது ஓர் இதழுக்குள் பத்தோடு பதினொன்றாகக் கிடக்கும். பட்டியல் இதழின் பெயரோடு நின்றுவிடும். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல வேறொரு கருவி வேண்டும். அது எதுவாக இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வெவ்வேறு விடைகள் சொல்லப்பட்டு வந்துள்ளன.

அந்த விடைகளை இலங்கையின் ஊவா மாகாணத்துப் பதுளை மாவட்டத்திலிருந்து, அதிலும் ஹாலிஎல போன்ற தோட்டங்கள் சூழ்ந்த சிறு நகரிலிருந்து பார்ப்பதற்குக் காரணம் உண்டு. பக்கத்திலேயே, பதுளை - பசறை வீதியில், 2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. தேயிலைத் தொழில்நுட்பத்துக்கே அங்கு ஒரு பட்டப்படிப்பு உண்டு. ஆனால் அந்தப் பல்கலைக்கழகம் தொடக்கம் முதல் விஞ்ஞானம், தொழில்நுட்பம், முகாமைத்துவம் ஆகியவற்றையே முதன்மையாகக் கொண்டது. தோட்ட மக்களின் வரலாறு, மொழி, இலக்கியம், குடியுரிமை பற்றிப் படிக்க வேண்டியவர் பேராதனைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ போக வேண்டும். செடியைப் பற்றிய ஆய்வும் மக்களைப் பற்றிய ஆய்வும் இரு வேறு வழிகளில் சேமிக்கப்பட்டுள்ளன என்பது இந்தத் தேடலின் அடிப்படை நிலைமை.

சிதறல் என்பது இத்துறைக்கு மட்டும் உரியதல்ல. லண்டன் விஞ்ஞான அருங்காட்சியக நூலகராக இருந்த சாமுவேல் பிராட்ஃபர்ட் 1934இல் ஓர் ஒழுங்கை எடுத்துக்காட்டினார்: எந்தப் பொருளை எடுத்தாலும் அதைப் பற்றிய கட்டுரைகளில் ஒரு பங்கு சில மைய இதழ்களில் திரண்டிருக்கும், எஞ்சியவை மிகப் பல இதழ்களில் ஒன்றிரண்டாகத் தூவிக் கிடக்கும். தோட்ட மக்களைப் பற்றிய மலையக ஆய்வில் அந்தத் தூவல் இன்னும் அகலமானது. ஆங்கில ஆய்விதழ், தொழிற்சங்கப் பத்திரிகை, பாடசாலை மலர், கோவில் கும்பாபிஷேக மலர், அரசசார்பற்ற நிறுவனத்தின் அறிக்கை, ரோனியோவில் அடித்த துண்டுப் பிரசுரம் என்று அது பரவியிருக்கிறது.

முதல் விடை: நூற்பட்டியல்

கட்டுரைகளைத் தேடித்தரும் பொறுப்பைத் தனிமனித உழைப்பு ஏற்க வேண்டும் என்பது மிகப் பழைய நிலைப்பாடு. துறையறிந்த ஒருவர் எல்லாவற்றையும் பார்த்து, வகைப்படுத்தி, குறிப்பெழுதி அச்சிட்டுத் தந்தால் மற்றவர்கள் அதைப் பின்பற்றலாம். இலங்கையில் இதன் உச்சம் பேராதனைப் பல்கலைக்கழக நூலகராகப் பணியாற்றிய எச். ஏ. ஐ. குணதிலக்க தொகுத்த இலங்கை நூற்பட்டியல். முதல் இரு தொகுதிகள் 1970இல் சுவிட்சர்லாந்தின் சுக் நகரிலிருந்து வெளிவந்தன. மூன்றாவது 1976இல், நான்காவதும் ஐந்தாவதும் 1983இல். நாடு, மக்கள், வரலாறு, பண்பாடு என எல்லாத் துறைகளிலும் 16ஆம் நூற்றாண்டு முதல் வெளியானவற்றை, இதழ்க் கட்டுரைகள் உட்பட, பொருள்வாரியாக அடுக்கிய பணி அது. கோப்பி, தேயிலைப் பெருந்தோட்டங்கள் பற்றியும் இந்தியத் தொழிலாளர் குடிவரவு பற்றியும் 19ஆம் நூற்றாண்டு இதழ்களில் என்ன வந்தது என்று அறிய இன்றும் அதைத் திறப்பது நல்ல தொடக்கம்.

அதன் எல்லை அதன் தலைப்பிலேயே அறிவிக்கப்பட்டிருக்கிறது: அது மேலைமொழி வெளியீடுகளுக்கானது. தோட்ட உரிமையாளர், ஆளுநர், மிஷனரி, பொருளியலாளர் ஆகியோர் எழுதியவை அகப்படும். கோ. நடேசய்யர் 1924இல் தொடங்கிய ‘தேசபக்தன்’ பத்திரிகையில் தொழிலாளர் பக்கமிருந்து எழுதப்பட்டவை அந்த வலையில் விழா. இது தொகுத்தவரின் குறை என்று சொல்வது நியாயமாகாது. அவர் எல்லையைச் சொல்லிவிட்டே தொடங்கினார். ஆனால் அதையே முழுமை என்று எடுத்துக்கொண்ட பின்வந்த ஆய்வுகள் தமிழ்ச் சான்றுகளைத் தவறவிடும் அபாயம் இருந்தது.

தமிழ்ப் பக்கத்தில் இதற்கு இணையான முயற்சிகள் நடந்தன. பேராதனையில் கற்பித்தவரும் 1952இல் ‘தமிழ் கல்ச்சர்’ ஆய்விதழைத் தொடங்கியவருமான தனிநாயகம் அடிகள், 1966இல் மலாயாப் பல்கலைக்கழகம் வழியாகத் தமிழியலுக்கான ஒரு வழிகாட்டி நூற்பட்டியலை வெளியிட்டார். அதன் தலைப்பும் நூல்கள் என்றே வரையறுத்தது. கட்டுரைகள் அதற்குள் அடங்கவில்லை. எஃப். எக்ஸ். சி. நடராசா 1971இல் ஈழத்துத் தமிழ் நூல் வழிகாட்டியைத் தந்தார். 2002 முதல் என். செல்வராஜா தொகுத்துவரும் ‘நூல்தேட்டம்’ ஒரு தொகுதிக்கு ஆயிரம் நூல்கள் என்ற கணக்கில், குறிப்புரையோடு, ஈழத்துத் தமிழ் நூல்களைப் பதிவு செய்கிறது. மலையக எழுத்தாளர்களின் பல சிறு வெளியீடுகளுக்கு நம்பகமான விவரம் கிடைக்கும் இடம் அது. அங்கும் அலகு நூல்தான்.

ஆக, நூற்பட்டியல் மரபின் வலிமை மனிதத் தீர்ப்பு: எது முக்கியம், எது எதனோடு சேரும் என்று அறிந்து அடுக்கியது. பலவீனம் மூன்று: அச்சான நாளோடு அது நின்றுவிடுகிறது; ஒருவரின் ஆயுளையும் கண்பார்வையையும் நம்பியிருக்கிறது; மேலைமொழிப் பட்டியல் கட்டுரை வரை இறங்க, தமிழ்ப் பட்டியல்கள் பெரும்பாலும் நூலோடு நின்றன.

இரண்டாம் விடை: எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்ப்பது

பட்டியல் போடுவதைவிடப் பொருளையே சேர்த்து வைப்பது மேல் என்பது அடுத்த நிலைப்பாடு. 1885ஆம் ஆண்டின் அச்சகத்தார், வெளியீட்டாளர் கட்டளைச் சட்டம் இலங்கையில் அச்சாகும் ஒவ்வொன்றின் பிரதிகளும் அரசுக்கு ஒப்படைக்கப்பட வேண்டும் என்றது. அவ்வழியில் கொழும்பு அருங்காட்சியக நூலகம் வளர்ந்தது. பின்னர் பேராதனைப் பல்கலைக்கழக நூலகமும் தேசிய நூலகமும் பிரதி பெறும் இடங்களாயின. 1942இல் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் பேராதனைக்குப் பெயர்ந்தபோது மலைநாட்டுக்கு முதன்முறையாக ஒரு பேராய்வு நூலகம் கிடைத்தது. பதுளைப் புகையிரதப் பாதை ஹாலிஎல, தெமோதரை, பண்டாரவளை, அட்டன், நாவலப்பிட்டி வழியே பேராதனையைத் தொடுகிறது. ஆனால் ஒரு நாளில் போய்த் தேடித் திரும்பக்கூடிய தொலைவில் அது இல்லை.

இந்த விடைக்குக் கோட்பாட்டு அடித்தளம் தந்தவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானவர், 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவதும் ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகரைச் சேர்ப்பதும் நூலகத்தின் கடமை என்பது அவற்றுள் அடங்கும். இதழ்களுக்கு இதைப் பொருத்தினால், ஒவ்வொரு கட்டுரைக்கும் அதற்குரிய வாசகரைச் சேர்ப்பதும் கடமையாகிறது. சேகரிப்பு மட்டும் அதைச் செய்துவிடாது. நடைமுறையில் நூலகம் ஒரு சஞ்சிகையின் பெயர், தொகுதி, கையிருப்பு விவரம் ஆகியவற்றைப் பதியும். உள்ளே புரட்டுவது வாசகரின் பாடு.

பிரதிகளைச் சட்டப்படி ஒப்படைக்கும் இந்தச் சட்டவைப்பு என்ற கொள்கை தாளில் முழுமையானது. ஆனால் வைப்புக்குப் பிரதி அனுப்பும் பழக்கம் உள்ள அச்சகத்தில் அடிக்கப்பட்டவையே அலுமாரியைச் சேரும். அந்தோனி ஜீவா நடத்திய ‘கொழுந்து’, ‘குன்றின் குரல்’, அவற்றோடு ‘தீர்த்தக்கரை’, ‘நந்தலாலா’ போன்ற மலையகச் சிற்றிதழ்களின் எல்லா இதழ்களும் ஒரே நூலகத்தில் வரிசையாக இருக்கும் என்று எதிர்பார்ப்பது கடினம். தொழிற்சங்க வெளியீடுகளின் நிலையும் அதுவே. ஓரிடத்தில் சேர்ப்பதில் வேறோர் ஆபத்தும் உண்டு. 1981 ஜூன் 1ஆம் திகதி இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் பிரதியில்லாத பழைய இதழ்களும் ஏடுகளும் அவற்றோடு போயின.

இதை உணர்ந்து, பல்கலைக்கழகத்துக்கு வெளியே சிறு ஆவணகங்கள் தோன்றின. போல் காஸ்பர்ஸ் அடிகளார் 1972இல் கண்டியில் நிறுவிய சத்யோதய நிலையம் தோட்டத்துறை பற்றிய எழுத்துகளைத் திரட்டியது. கம்பளைக்கு அருகே, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான பழைய லயக் காம்பராக்களிலேயே அமைந்த தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமும் ஆவணகமும் அதே நோக்கில் வந்தது. இத்தகைய இடங்களின் சிறப்பு, பல்கலைக்கழகம் ‘வெளியீடு’ என்று கருதாததையும் காப்பது. எங்கே எது உள்ளது என்ற கூட்டுப் பட்டியல் இல்லாதபோது அவை அறிந்தவருக்கு மட்டுமே பயன்படுகின்றன.

மூன்றாம் விடை: சுட்டியும் சந்தாவும்

20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆதிக்கம் பெற்ற விடை வணிகச் சுட்டி. யூஜின் கார்ஃபீல்டின் விஞ்ஞான மேற்கோள் சுட்டி 1964இல் வந்தது. எந்தக் கட்டுரை எதை மேற்கோள் காட்டியது என்ற தொடர்பைப் பிடித்துக்கொண்டு தேடலாம் என்பது அதன் புதுமை. 1995இல் தொடங்கிய ஜேஸ்டோர் பழைய ஆய்விதழ்களை முதல் இதழிலிருந்தே திரையில் தந்தது. 2004இல் ஸ்கோப்பஸும் கூகுள் ஸ்கொலரும் வந்தன. இன்று இலங்கையின் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் தேடல் என்று சொல்லும்போது மனத்தில் இருப்பது பெரும்பாலும் கூகுள் ஸ்கொலரின் பெட்டி.

தேயிலைச் செடியைப் பற்றிய ஆய்வுக்கு இந்த முறை நன்றாகவே பயன்பட்டது. 1925இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் 1928 முதல் ‘டீ குவாட்டர்லி’யை வெளியிட்டது; அது பின்னாளில் இலங்கைத் தேயிலை விஞ்ஞான இதழாக மாறியது. நிறுவனத்தின் ஊவாப் பிராந்திய நிலையம் பசறையில் இருக்கிறது. ஐக்கிய நாடுகள் உணவு, விவசாய அமைப்பின் அக்ரிஸ் போன்ற விவசாயச் சுட்டிகள் இத்தகைய இதழ்களைக் கட்டுரை கட்டுரையாகப் பதிகின்றன. கொப்புள நோய், மண்ணரிப்பு, ஆடி முதல் புரட்டாதி வரை வீசும் வரண்ட காற்றில் ஊவாத் தேயிலைக்கு ஏறும் தனி வாசனை ஆகியவற்றைத் தேடுபவருக்குச் சுருக்கம், சுட்டுச்சொல், பக்க எண் எல்லாம் கிடைக்கும்.

அந்தச் செடியிலிருந்து கொழுந்து பறித்தவரைத் தேடினால் கதை வேறு. ஆங்கில மொழி ஆய்வு பெருகியிருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை: குமாரி ஜயவர்த்தனவின் தொழிலாளர் இயக்க வரலாறு 1972இலும், வேலன்ரைன் டானியலின் வன்முறை பற்றிய மானிடவியல் நூல் 1996இலும், பற்றிக் பீபிள்ஸின் தோட்டத் தமிழர் வரலாறு 2001இலும், மைத்ரி ஜெகதீசனின் தோட்டப் பெண்கள் பற்றிய ஆய்வு 2019இலும் வந்தன. இவர்களின் மேற்கோள்களைப் பின்தொடர்ந்தால் இன்னும் நூற்றுக்கணக்கான ஆங்கிலக் கட்டுரைகளை அடையலாம். தமிழில் எழுதப்பட்டவற்றை அடைவது அரிது. சுட்டியின் உரிமையாளர்கள் சேர்க்கும் இதழ்களில் தமிழ் ஆய்விதழ்கள் மிகக் குறைவு. மேற்கோள் சுட்டியில் இல்லாத கட்டுரை மேற்கோள் காட்டப்படுவது குறைகிறது. மேற்கோள் குறைந்ததால் அது சுட்டிக்குத் தகுதியற்றதாகத் தெரிகிறது. பதவி உயர்வு மதிப்பீட்டில் சுட்டியிடப்பட்ட இதழ்களுக்கு எடை கூடுதலாக இருப்பதால், விரிவுரையாளர்களும் ஆங்கிலத்தில் எழுதத் தூண்டப்படுகிறார்கள்.

அடுத்தது பணம். சந்தா டொலரில் கட்டப்படுகிறது. 2022இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களில் 360ஐத் தாண்டியபோது, அதே ரூபா வரவுசெலவில் பல்கலைக்கழகம் வாங்கக்கூடியது அந்த அளவுக்குச் சுருங்கியது. பல்கலைக்கழக நூலகங்கள் கூட்டாகச் சந்தா பேரம் பேசும் ஏற்பாடு இலங்கையில் இருந்தாலும் அதன் வீச்சு நிதியைப் பொறுத்தது. இந்தியா இதையே பெரிய அளவில் முயன்றது: ‘ஒரே நாடு, ஒரே சந்தா’ திட்டத்துக்கு மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்களை 2025 தொடக்கத்திலிருந்து அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டது. அரசு நிறுவனத்தின் அடையாள அட்டை இல்லாதவர், அதாவது தோட்டப் பாடசாலை ஆசிரியரோ சுயாதீன ஆய்வாளரோ, அத்தகைய திட்டத்துக்கும் வெளியேதான் நிற்பார் என்ற விமர்சனம் புறக்கணிக்கத்தக்கதல்ல.

நான்காம் விடை: திறந்துவிடு

2002ஆம் ஆண்டு புடாபெஸ்ட் அறிக்கையோடு திறந்த அணுக்கம் ஓர் இயக்கமாக உருப்பெற்றது. ஆய்வுக் கட்டுரை எவருக்கும் இலவசமாகத் திறந்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். இலங்கையில் இதன் வெளிப்பாடுகள் மூன்று. 2008இல் தொடங்கிய ‘ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன்’ தளம் உள்நாட்டு ஆய்விதழ்களை ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தது. தேசிய விஞ்ஞான மன்றம் அதைப் பேணுகிறது. பேராதனை, யாழ்ப்பாணம், ஊவா வெல்லஸ்ஸ உள்ளிட்ட பல்கலைக்கழகங்கள் தத்தம் எண்ணிமக் களஞ்சியங்களில் ஆய்வேடுகளையும் மாநாட்டுச் சுருக்கங்களையும் ஏற்றுகின்றன. மூன்றாவது, பல்கலைக்கழகத்துக்கு வெளியே தன்னார்வலர்கள் 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகம்.

மலையக ஆய்வைப் பொறுத்தவரை மூன்றாவதன் பங்களிப்பு மிகப் பெரியது. வேறெங்கும் காணமுடியாத சிற்றிதழ்கள், நினைவு மலர்கள், பாடசாலை வெளியீடுகள் அங்கே ஸ்கேன் செய்யப்பட்ட வடிவில் உள்ளன. பல இதழ்களின் பக்கத்தில் பொருளடக்கமும் தட்டெழுதித் தரப்பட்டிருக்கிறது. அதாவது ஒரு பல்கலைக்கழக நூலகம் செய்யாத கட்டுரைநிலைப் பதிவை, வரம்புக்குட்பட்ட அளவிலாவது, தன்னார்வலர்கள் செய்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய தமிழ் இதழ்களுக்கு இத்தகைய பணியைச் செய்வதோடு சேர்த்து இதைப் பார்க்கலாம். தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய 1964 ஒப்பந்தத்தின் கீழ் நீலகிரிக்கும் பிற இடங்களுக்கும் போனவர்களைப் பற்றிய எழுத்துகளைத் தேடுபவர் தமிழ்நாட்டுச் சேகரிப்புகளையும் பார்த்தே ஆக வேண்டும்.

இந்த விடையின் பலவீனங்கள் தொழில்நுட்பத்தில் தொடங்குகின்றன. ஸ்கேன் செய்த பக்கம் கணினிக்கு வெறும் படம். அதற்குள் உள்ள சொல்லைத் தேட முடியாது. இன்னொரு தடை எழுத்துரு. இலங்கைத் தமிழ்ப் பதிப்புலகில் நீண்ட காலம் கோலோச்சியது பாமினி. பாமினியில் தட்டெழுதி அப்படியே பி.டி.எப். ஆக்கிய கட்டுரையில் ‘தமிழ்’ என்ற சொல் கண்ணுக்குச் சரியாகத் தெரியும். தேடுபொறிக்கோ ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். யூனிகோடில் ‘தமிழ்’ என்று தேடினால் அது அகப்படாது. திறந்தே இருக்கும் பல தமிழ் ஆய்வுக் கட்டுரைகள் கண்ணில் படாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். அதோடு பதிப்புரிமை, நன்கொடையை நம்பிய நிதி, சேவையகச் செலவு ஆகிய கேள்விகளும் நிலைத்திருக்கின்றன.

எந்தப் பெயரில் தேடுவது?

நான்கு விடைகளுக்கும் பொதுவான ஒரு தடை சுட்டுச்சொல். 1911 குடிசனமதிப்பு இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று பிரித்தது முதல் இச்சமூகம் பல பெயர்களில் பதியப்பட்டு வந்துள்ளது. 19ஆம் நூற்றாண்டு எழுத்துகளில் ‘இந்தியக் குடிவரவுத் தொழிலாளர்’ என்றும், அதைவிட இழிவான ‘கூலி’ என்றும் இருக்கும். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எஸ்டேட் டமில்ஸ், இந்தியன் டமில்ஸ். பின்னர் பிளான்டேஷன் டமில்ஸ், அப்கன்ட்ரி டமில்ஸ். அண்மையில் மலையகத் தமிழர். ஒரு பெயரில் தேடினால் ஒரு காலப்பகுதிதான் வரும். நாட்டின் பெயர் 1972இல் மாறியதால் அதற்கு முந்தியவற்றுக்கு ‘சிலோன்’ என்றும் தேட வேண்டும்.

ஒலிபெயர்ப்பு இதைச் சிக்கலாக்குகிறது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலக முறையைப் பின்பற்றும் உலகப் பட்டியல்கள் ‘மலையகம்’ என்பதன் ககரத்தை ஆங்கிலக் ‘கே’ கொண்டே எழுதும். இலங்கை ஆய்வாளர் பெரும்பாலும் ‘எச்’ போடுவார். சிலர் ‘ஜி’ போடுவார். ‘தொழிலாளர்’ என்பதில் உள்ள ழகரத்துக்கு நூலகங்கள் கீழ்க்கோடிட்ட எல் பயன்படுத்த, மற்றவர்கள் இசட்-எச் எழுதுவார்கள். இவ்வெழுத்துகளை மாற்றி மாற்றித் தேடாதவர் சிகாகோவிலோ லண்டனிலோ இருக்கும் ஒரு பிரதியை இல்லையென்றே முடிவு செய்துவிடக்கூடும்.

ஓர் உரைகல்: மீரியபெத்தை

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, ஹல்துமுல்லைப் பிரதேச செயலகப் பிரிவில், கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்ட லயங்களை மண்சரிவு மூடியது. பதுளை மாவட்டத்தில் நடந்த, எல்லோரும் அறிந்த, அண்மைக்கால நிகழ்வு. எனவே தேடல் முறைகளை உரசிப் பார்க்க ஏற்றது.

வணிகச் சுட்டியிலும் கூகுள் ஸ்கொலரிலும் தேடுபவருக்கு முதலில் அகப்படும் வகை புவியியல், பொறியியல் கட்டுரைகள்: சரிவுக் கோணம், மழைவீழ்ச்சி, மண்ணின் அடுக்கு. ஊரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒன்றுக்கு மேற்பட்டது. சில கட்டுரைகள் ஊர்ப் பெயரை விட்டுக் கொஸ்லந்தை என்றே குறிக்கும். இரண்டாம் வகை வீடமைப்பு, காணி உரிமை, இடம்பெயர்வு பற்றியது. இதில் பெரும்பகுதி ஆய்விதழில் இல்லாமல் அரசசார்பற்ற நிறுவன அறிக்கைகளில் இருக்கிறது. மூன்றாம் வகை தமிழ்ப் பத்திரிகைக் கட்டுரைகளும் சாட்சியங்களும். இவற்றுக்கு ‘வீரகேசரி’, ‘தினகரன்’ போன்ற நாளேடுகளின் கட்டுகளைத்தான் புரட்ட வேண்டும்.

இவற்றினும் முக்கியமான ஒரு வகை உண்டு. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்ததாகச் சம்பவத்துக்குப் பின் செய்திகள் வந்தன. எச்சரிக்கைகள் இருந்த இடம் அலுவலக அறிக்கைகளும் கடிதங்களும். ஆய்விதழ்களை மட்டும் இலக்கியம் என்று கருதும் எந்தத் தேடலும் அவற்றைக் காட்டாது. எந்த மொழியில், எந்த வடிவத்தில் ஓர் அறிவு பதியப்பட்டது என்பதே அதை யார் அடைவார் என்பதைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இது கண்கூடான எடுத்துக்காட்டு. அறிக்கைகள் எளிதில் அகப்பட்டிருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று சொல்ல ஆதாரம் இல்லை. லயத்தை விட்டு எங்கே போவது என்ற கேள்வி தகவலால் மட்டும் தீரக்கூடியதல்ல.

நடைமுறையில் ஒரு வரிசை

நான்கு விடைகளையும் எதிரெதிராக வைப்பதைவிட ஒன்றன்பின் ஒன்றாகப் பயன்படுத்துவதே அனுபவமுள்ள நூலகர்கள் பின்பற்றும் வழி. அண்மைக்கால நூல் ஒன்றின் மேற்கோள்களிலிருந்து தொடங்குவது. அங்கு கிடைத்த கட்டுரைகளைக் கூகுள் ஸ்கொலரில் இட்டு, அவற்றை மேற்கோள் காட்டியவர்களை முன்னோக்கிப் பிடிப்பது. பழைய ஆங்கில எழுத்துக்குக் குணதிலக்கவைத் திறப்பது. தமிழுக்கு ‘நூல்தேட்டம்’ வழியே ஆசிரியர் பெயர்களை அறிந்து, ‘நூலகம்’ தளத்தில் அப்பெயர்களையும் சிற்றிதழ்ப் பொருளடக்கங்களையும் பார்ப்பது. எஞ்சியவற்றைப் பட்டியலிட்டுக்கொண்டு பேராதனைக்குப் போவது. கையில் பட்டியலோடு போனால் அங்கு ஒரு நாளில் முடியும் வேலை, பட்டியலில்லாமல் போனால் ஒரு வாரம் இழுக்கும்.

பல்கலைக்கழகத்தில் இல்லாதவருக்கு இருக்கும் வழிகள் சற்றுக் குறைவு. வெளிவாசகராக அனுமதி கேட்கலாம். நூலகங்களுக்கிடையிலான இரவல் சேவை வழியாக ஒரு கட்டுரையின் பிரதியை வரவழைக்கலாம். கட்டுரையாசிரியருக்கே மின்னஞ்சல் எழுதிக் கேட்கலாம். கடைசி வழி பெரும்பாலும் பலிக்கிறது என்பது ஆய்வாளரிடையே பொதுவான அனுபவம். பணம் கேட்கும் கட்டுரைகளைக் கள்ளத்தனமாகத் தரும் தளங்களும் பரவலாகப் பயன்படுகின்றன. 2011இல் தொடங்கிய சை-ஹப் மீது பதிப்பகங்கள் 2020 இறுதியில் டில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன. அறிவுச் சமத்துவம் என்று ஒரு தரப்பும் பதிப்புரிமை மீறல் என்று மறுதரப்பும் வாதிடுகின்றன. ஆனால் மலையகத் தமிழ் எழுத்தைத் தேடுபவருக்கு இந்தச் சண்டையால் ஆவது சொற்பம். பூட்டப்பட்ட ஆங்கிலக் கட்டுரைகளுக்கே அது சாவி. கேள்விக்கு நேரடியாக விடை தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இப்போது இந்த வரிசையில் நுழைகின்றன. இல்லாத கட்டுரைக்கும் நம்பும்படியான தலைப்பும் இதழ் எண்ணும் அவை உருவாக்கித் தருவதுண்டு. இணையத்தில் தமிழ்ச் சான்றுகள் குறைவாக உள்ள துறையில் இந்த ஆபத்து கூடுதல் என்று எதிர்பார்க்கலாம். எனவே அவை தரும் ஒவ்வொரு குறிப்பையும் பட்டியலோடு ஒப்பிட்ட பின்பே ஏற்பது தகும்.

தீர்ந்தவையும் தீராதவையும்

ஒவ்வொரு விடையும் முந்தியதன் குறையைத் தீர்க்க வந்தது. தனிமனிதரின் வரம்பைச் சேகரிப்பும், சேகரிப்பின் தொலைவைச் சுட்டியும் சந்தாவும், சந்தாவின் விலையைத் திறந்த அணுக்கமும் ஓரளவு நிவர்த்தி செய்தன. தேயிலை வேளாண்மை பற்றியும் ஆங்கில சமூக விஞ்ஞானம் பற்றியும் தேடுபவருக்கு இன்று பதுளையில் இருந்துகொண்டே கிடைப்பவை முப்பது ஆண்டுகளுக்கு முன் கொழும்பில் இருந்தவருக்கும் கிடைத்திரா. இது உண்மையான முன்னேற்றம்.

நான்கும் கடந்து எஞ்சி நிற்பது தமிழில் சிறு வெளியீடுகளில் வந்த கட்டுரை. அதற்கு இன்று முதல் தடை விலையோ பூட்டோ என்று தோன்றவில்லை. அது கட்டுரையாகப் பதியப்படவில்லை என்பதே. ஆசிரியர், தலைப்பு, இதழ், பக்கம், பொருள், பேசப்படும் ஊர் என்று ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு வரி யூனிகோடில் எழுதப்பட்டால், படம் படமாகவே இருந்தாலும் கட்டுரை அகப்படும். இதற்குப் பெருஞ்செலவு தேவைப்படாது. தேவைப்படுவது துறையறிவும் பொறுமையும் தொடர்ச்சியும். குணதிலக்க மேலைமொழிகளுக்குச் செய்ததை மலையகத் தமிழுக்குச் செய்வது என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

அதை யார் செய்வது என்பது திறந்த கேள்வி. பேராதனையிடம் இதழ்களும் தமிழ்த்துறையும் உள்ளன. ஊவா வெல்லஸ்ஸவிடம் இடமும் தொழில்நுட்பப் பீடமும் உள்ளன. தன்னார்வலர்களிடம் ஸ்கேன்களும் அனுபவமும் உள்ளன. மூன்றையும் சேர்க்கும் ஏற்பாடு தன்னால் உருவாகும் என்று நம்ப, கடந்த கால அனுபவம் அதிகம் இடம் தரவில்லை. இயந்திர எழுத்துணரி தமிழ்ப் பழைய அச்சை நம்பகமாக வாசிக்கத் தொடங்கினால் மனித உழைப்பின் பங்கு குறையலாம். பொருள்வாரியாக வகைப்படுத்துவதற்கு அப்போதும் துறையறிந்தவர் வேண்டியிருக்கும். சுட்டியில் ஏறாத எழுத்தை மதிப்பற்றது என்று ஒதுக்கும் பல்கலைக்கழக மதிப்பீட்டு முறை மாறாதவரை, அத்தகையவர்கள் இந்த வேலைக்கு நேரம் ஒதுக்குவார்களா என்பதும் ஐயத்துக்குரியது. அதனால் மலையகத்தைப் பற்றி ‘ஆய்வு குறைவு’ என்று அடிக்கடி எழுதப்படும் வாக்கியத்தைச் சற்று நிதானத்தோடு வாசிப்பது நல்லது: எழுதப்பட்டவற்றில் எவ்வளவு இன்னும் பதியப்படாமல் இருக்கிறது என்று கணக்கெடுத்த பின்பே அந்த முடிவுக்கு வரமுடியும்.